படத்தில் சுவர் மாதிரி நிற்கிற அந்தப் பாலத்தில் கார் ஏறுமா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் நாமக்கல். இப்போது கணவர், இரண்டு பிள்ளைகளோடு (ஒருவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 5) ஹிகாஷி ஒசாகாவில் இருக்கிறோம். வீட்டில் கார் ஓட்டுவது நான் மட்டும்தான், ஜப்பான் லைசென்ஸ் எடுத்து இரண்டாவது வருடம். ஏப்ரல் கடைசியில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். கோல்டன் வீக் விடுமுறையில் சகாய்மினாட்டோ, மட்சுயே, இஸுமோ கோயில் என்று ஒரு சுற்று போகலாம் என்று கே கார் (ஜப்பானின் குட்டி வகைக் கார்) ஒன்றை வாடகைக்குப் புக் செய்துவிட்டேன். அதற்குள் தம்பி ஏஷிமா பாலத்தின் படத்தை அனுப்பி, “இதிலா அக்கா போகப்போறே?” என்று கேட்டான். பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. ரோடு செங்குத்தாக வானத்துக்குப் போகிறது. நடுவில் நின்றால் கார் பின்னால் உருளுமா? ஐந்து பேரை வைத்துக்கொண்டு சின்ன கார் ஏறுமா? எனக்கு உயரமான மேம்பாலத்தில் போனாலே உள்ளங்கை வியர்க்கும். பேசாமல் சுற்றிப் போய்விடவா?

பதில்:

ஏறும், பின்னால் உருளாது, சுற்றிப் போயே ஆக வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த கே கார் புக்கிங்கை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதற்குக் காரணம் பாலம் கிடையாது, கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம். உங்கள் தம்பி அனுப்பியதை நான் பார்க்கவில்லை, ஆனாலும் எந்தப் படம் என்று தெரியும். லைசென்ஸ் மாற்றுவதற்காக என்னிடம் பயிற்சிக்கு வருகிற நம்மூர்க்காரர்கள் பலர் அதைப் போனில் வைத்துக்கொண்டு, “சார், இந்த ஊரில் இதிலெல்லாம் ஓட்ட வேண்டி வருமா?” என்று கேட்டிருக்கிறார்கள். சாலை நிமிர்ந்து நிற்கும், அதில் ஒரு லாரி சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அதுதானே?

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஷிமானே மாகாணத்தின் மட்சுயே நகர எல்லைக்குள் வருகிற ஏஷிமா என்ற குட்டித் தீவையும், டொட்டோரி மாகாணத்தின் துறைமுக ஊரான சகாய்மினாட்டோவையும் இந்தப் பாலம் இணைக்கிறது. 1997-ல் வேலை தொடங்கி 2004-ல் திறந்தார்கள். அணுகுசாலையோடு சேர்த்து நீளம் சுமார் 1.7 கிலோமீட்டர், நடுவில் உயரம் சுமார் 45 மீட்டர். ஷிமானே பக்கச் சரிவு 6.1 சதவீதம், டொட்டோரி பக்கம் 5.1. அதாவது ஷிமானே பக்கத்தில் 100 மீட்டர் போனால் 6.1 மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். கோணமாகச் சொன்னால் மூன்றரை டிகிரி. பையனின் ஜியோமெட்ரி பாக்ஸில் கோணமானி இருந்தால் எடுத்து மூன்றரை டிகிரிக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அடியில் இருக்கிற படுத்த கோட்டிலிருந்து அது பிரிந்து போவதே சிரமப்பட்டுத்தான் தெரியும்.

அப்படியானால் படம் பொய்யா? இல்லை, படமும் உண்மைதான், அது எடுக்கப்பட்ட இடம்தான் வில்லங்கம். பாலத்தடியிலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் நின்று ஒருவர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலச் சாலையின் அகலம் 11 மீட்டர் சொச்சம், சரிவு தொடங்குகிற இடம் அவரிடமிருந்து 1,000 மீட்டர். உச்சியோ அதற்கும் அப்பால் முக்கால் கிலோமீட்டர் தள்ளி, 45 மீட்டர் உயரத்தில். இதை வைத்துக் கணக்குப் போட்டால், படத்தில் அந்த ஏற்றத்தின் உயரம் அடிப்பகுதிச் சாலையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே வருகிறது. முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சாவகாசமாகப் படுத்திருக்கிற சாலை முழுவதும் அந்த உயரத்துக்குள் நசுங்கி, எழுந்து நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. எல்லோரும் டெலி லென்ஸின் ஜாலம் என்று பழியை லென்ஸ் மேல் போடுகிறார்கள், லென்ஸ் பாவம், பெரிதாக்கிக் காட்டியதைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை. அதே இடத்தில் நின்று சாதாரண போனில் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே சுவர்தான் வரும். தூரத்தில், நேர் பின்னால் நிற்பதுதான் விஷயம்.

நீங்கள் அப்படி நிற்கப் போவதில்லை. ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சரிவுக்கு அடியில் வந்து சேரும்போது, சாலை முன்கண்ணாடி முழுக்க விரிந்து, தூரம் போகப் போக ஒடுங்கிக்கொண்டே போகும். உச்சி உங்கள் பார்வை மட்டத்துக்கு மேலே மூன்றரை டிகிரியில் இருக்கும். கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் படுக்கையாகப் பிடித்தால் அந்த உயரம் மறைந்துவிடும். முதல் முறை போகிறவர்களில் பலருக்கு “இவ்வளவுதானா” என்று ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

சரி, அப்படியும் கண் கொஞ்சம் மிரட்டத்தான் செய்யும், அதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டுக்கு அடியில் நின்று பார்க்கிற யாருக்குமே சரிவு அதிகமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் உளவியல்காரர்கள் இதை அளந்து பார்த்து 1995-ல் எழுதியிருக்கிறார்கள். 5 டிகிரிச் சரிவைக் காட்டி எத்தனை டிகிரி என்று கேட்டால், சராசரியாக 20 டிகிரி பக்கம் சொன்னார்கள். ஆனால் அதே ஆட்களிடம், கையைப் பார்க்காமல் உள்ளங்கையால் ஒரு பலகையைச் சரிவுக்கு ஏற்றபடி சாய்த்துக் காட்டச் சொன்னால், கிட்டத்தட்ட சரியாகவே சாய்த்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

இந்தப் பாலத்துக்கு இவ்வளவு புகழ் வந்ததே 2013-ல் வந்த ஒரு கார் விளம்பரத்தால்தான். டைஹட்சு கம்பெனி தன் டாண்டோ என்கிற கே காரை இந்த ஏற்றத்தில் ஏற்றிக் காட்டியது. 660 சிசி எஞ்சின் உள்ள குட்டி கார் இதில் சுலபமாக ஏறும் என்று காட்டுவதுதான் விளம்பரத்தின் நோக்கம். படம் உலகம் முழுக்கச் சுற்றியபோது அந்தச் சேதி கழன்று விழுந்துவிட்டது, பயம் மட்டும் மிஞ்சியது.

நாமக்கல்காரர் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்லலாம். கொல்லிமலை பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறது. நம் நாட்டில் மலைச் சாலைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதியில் சாதாரணமாக 5, 6 சதவீதச் சரிவு வைத்துக்கொள்ளலாம், தவிர்க்க முடியாத இடத்தில் 7, 8 வரைக்கும் போகலாம். ஜப்பானின் சாலை விதியிலும் 40 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்த சாலையில் 7 சதவீதம் வரை உண்டு. ஆக ஏஷிமாவின் 6.1 என்பது ஊர் உலகத்தில் இல்லாத அதிசயம் எதுவும் கிடையாது. இன்னும் வேடிக்கை, நீங்கள் குடியிருக்கிற ஹிகாஷி ஒசாகாவுக்கும் நாராவுக்கும் நடுவில் குராகாரி கணவாய் இருக்கிறது பாருங்கள், 308-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதில் ஓரிடத்தில் சரிவு 30 சதவீதத்தைத் தாண்டும். அகலமும் கிடையாது. அதில் போக வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். பேர் வாங்கினது ஏஷிமா, நிஜமாகவே செங்குத்து உங்கள் வீட்டுப் பக்கத்து மலை.

எதற்கு இவ்வளவு உயரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பாலத்துக்கு அடியில்தான் நகாவுமி ஏரிக்குள் கப்பல்கள் போய் வருகின்றன. முன்பு அங்கே இருந்தது திறந்து மூடுகிற பாலம். கப்பல் வரும்போதெல்லாம் ஏழெட்டு நிமிடம் வண்டிகள் காத்துக்கிடக்க வேண்டும், 14 டன்னுக்கு மேல் எடையுள்ள லாரிக்கு அனுமதியே இல்லை. துறைமுக ஊருக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்? 5,000 டன் கப்பல் தாராளமாக அடியில் போகிற மாதிரி உயர்த்திக் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நீளமாக இழுத்துவிட இடம் இல்லை, அதனால் சரிவு இப்படி. நடுவில் தூணுக்குத் தூண் 250 மீட்டர், தூணும் தளமும் ஒரே கட்டாக இறுகிய வகைக் கான்கிரீட் பாலங்களில் ஜப்பானிலேயே பெரியது இதுதான். ஆக அந்தச் சரிவு சரக்கு லாரி தினமும் ஏறி இறங்குவதற்காகவே போட்ட சரிவு.

இப்போது உருளுவது பற்றி. டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பு காய்ந்த சாலையில் சுமார் 0.7 இருக்கும், நனைந்திருந்தால் 0.4, 0.5. இந்தச் சரிவில் வண்டி வழுக்காமல் நிற்கத் தேவையான பிடிப்பு 0.06. காய்ந்த சாலையில் பத்து மடங்குக்கு மேல், நனைந்ததில் ஆறு மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது, பிரேக்கில் கால் இருக்கும்வரை நகராது. பனி உறைந்த சாலையில்தான் இந்தக் கணக்கு கெட்டுப்போகும், பிடிப்பு 0.1-க்கும் கீழே இறங்கிவிடும், அதிலும் பாலத்தின் தளம் அடியிலும் காற்றுப்பட்டுச் சாதாரணச் சாலைக்கு முன்னாலேயே உறையும். நீங்கள் போவது ஏப்ரல் கடைசி, அதனால் கவலை இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் போகிற வாசகர்கள் குளிர்கால டயர் இல்லாமல் போகவே கூடாது.

நின்று கிளம்பும்போது? கியர் டி-யில் இருந்தாலும் பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்த ஒரு நொடியில் சில கார்கள் ஒரு சாண் பின்னுக்கு வரலாம். புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மேட்டில் தானாகவே இரண்டு நொடி பிடித்துக்கொள்கிற வசதி இருக்கிறது, ஹோல்ட் என்று பட்டன் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்வரை வண்டி அசையாது. இரண்டும் இல்லையென்றால் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, வண்டி முன்னால் இழுக்கிற உணர்வு வந்ததும் விடுவியுங்கள். வாடகைக் கார் எடுக்கும்போதே கவுன்டரில் இருப்பவரிடம், இந்த வண்டியில் பார்க்கிங் பிரேக் கையிலா, காலிலா, பட்டனா என்று கேட்டு ஒரு தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். மேட்டில் நின்றுகொண்டு தேடக் கூடாது. கோல்டன் வீக் நேரத்தில் ஏஷிமாவை அடுத்த டைக்கோன்ஷிமா தீவில் பியோனிப் பூ சீசன், அங்கே யூஷியென் தோட்டத்துக் குளத்தில் பூக்களை மிதக்கவிடுவதைப் பார்க்கக் கூட்டம் வரும், அதனால் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து நின்று போவதற்கு வாய்ப்பு உண்டு. முன் வண்டியோடு ஒட்டாமல், அதன் பின்சக்கரம் தரையைத் தொடுகிற இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு இடைவெளி விட்டு நில்லுங்கள். அவர் கொஞ்சம் பின்னுக்கு வந்தாலும் உங்களுக்கு இடம் இருக்கும்.

அடுத்தது எஞ்சின் சக்தி. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,500 கிலோ என்று வைத்தால், 40 கி.மீ. வேகத்தில் இந்தச் சரிவில் ஏற, சமதளத்துக்குத் தேவையானதற்கு மேல் 10 கிலோவாட், அதாவது 13, 14 குதிரைத்திறன் வேண்டும். டர்போ இல்லாத கே காரிலேயே 50 குதிரைத்திறன் பக்கம் இருக்கிறது. ஏறும்போது எஞ்சின் ‘ங்ங்ங்’ என்று கத்தும், அந்தக் கியர்பாக்ஸின் சுபாவம் அது, வண்டி திணறுகிறது என்று நினைத்துக் காலை எடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் கே கார் ஏன் வேண்டாம் என்கிறேன்? மஞ்சள் நம்பர் பிளேட் கே காருக்குச் சட்டப்படி நாலு பேர்தான். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் மூன்று பேரைப் பெரியவர்கள் இரண்டு பேராகக் கணக்கிடுவார்கள். நீங்கள், கணவர், அம்மா மூன்று பேர் உட்கார்ந்தபின் பாக்கி இருப்பது ஒரு பெரியவருக்கான இடம், அதில் ஒரு பிள்ளைதான் அடங்கும். இரண்டாவது பிள்ளை ஏறினால் விதிமீறல், பெல்ட்டும் இருக்காது. ஐந்து பேர் உட்காரும் காம்பேக்ட் காருக்கு மாற்றுங்கள். சின்னவளுக்கு 6 வயது ஆகவில்லை, அதனால் குழந்தை இருக்கை கட்டாயம், அதையும் புக்கிங்கிலேயே சொல்லிவிடுங்கள், கோல்டன் வீக்கில் கடைசி நேரத்தில் கிடைக்காது. 8 வயதுப் பையனுக்கும் பூஸ்டர் இருக்கை நல்லது, சட்டம் கேட்காவிட்டாலும்.

இப்போது ஓட்டுகிற விதம். ஒசாகாவிலிருந்து யோனாகோ ஊர் வழியாகத்தான் வருவீர்கள் என்பதால் சகாய்மினாட்டோவிலிருந்து ஏஷிமா பக்கமாகக் கடப்பது உங்களுக்கு வழியிலும் பொருந்தும், ஏற்றமும் 5.1 பக்கமாக இருக்கும். படத்தில் பயமுறுத்துகிற பக்கம் உங்களுக்கு இறக்கமாகிவிடும். கீழேயே வேகத்தைச் சீராக வைத்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, ஏற்றம் முழுக்க அதே அழுத்தத்தில் பிடியுங்கள். வேகம் பலகையில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம், அதற்காக 20-ல் ஊரவும் வேண்டாம், பின்னால் வருகிறவருக்கு அதுதான் ஆபத்து. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே லேன், முந்துகிற எண்ணமே கூடாது. கண்ணை உச்சியில் ஒட்டவைக்காமல், காருக்கு முன்னால் நாலைந்து வண்டி நீளத் தூரத்தில் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் தண்ணீரைப் பார்க்கிற வேலை அம்மாவுடையது.

நான் உண்மையில் கவனிக்கச் சொல்கிற இடம் உச்சி. சரிவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வருகிறவர்கள் உச்சி வந்ததும் “அப்பாடா” என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் எதிர்ப்பக்கம் எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கலாம், சைக்கிள்காரர் ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், படம் எடுக்கிற ஆசையில் ஒருவர் திடீரென்று வேகத்தைக் குறைக்கலாம். அதனால் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கால் பிரேக் பக்கம் இருக்கட்டும். காற்றும் அங்கேதான் அடிக்கும், கடல் பக்கத்து ஊர், 45 மீட்டர் உயரம், மறைப்பு ஒன்றும் கிடையாது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் போதும், காற்று ஒரு தள்ளு தள்ளினால் லேசாகத் திருத்திக்கொள்ளலாம், வெடுக்கென்று திருப்பக் கூடாது. பெட்டி மாதிரி உயரமான வண்டிகள் காற்றில் அதிகம் ஆடும், வண்டி மாற்றும்போது உயரம் குறைந்ததாகக் கேளுங்கள்.

இறக்கத்தில் கியரை எஸ் அல்லது பி அல்லது எல், உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள், எஞ்சினே பிடித்துக்கொண்டு வரும். மறந்து டி-யிலேயே இறங்கினாலும் பிரேக் சூடாகித் தோற்றுப்போகாது. 45 மீட்டர் இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய மொத்தச் சூடு, 107 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டியை ஒரு முறை நிறுத்துகிற சூட்டுக்குச் சமம், நிஜத்தில் அதைவிடக் குறைவுதான். கொல்லிமலை இறக்கம் மாதிரி நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கினால்தான் பிரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த யோசனை உங்கள் பயணத்தில் உண்டு, பாலத்தில் இல்லை, யோனாகோ எக்ஸ்பிரஸ்வேயில். சூகோகு எக்ஸ்பிரஸ்வேயில் ஒச்சியாய் ஜங்ஷனில் பிரிந்து ஹிருசென் மேட்டு நிலத்தில் ஏறி, அப்புறம் யோனாகோ நோக்கி நீள நீளமாக இறங்க வேண்டும். சில பகுதிகளில் எதிரெதிர் ஒற்றை லேன். அங்கே சரிவு கண்ணுக்குத் தெரியாது, அதுதான் தொல்லை. இறக்கத்தில் வேகம் தானாக 20 கி.மீ. கூடியிருக்கும், ஏற்றத்தில் தெரியாமலே குறைந்து பின்னால் நெரிசல் ஆகும், இதற்கென்றே இந்த ஊரில் “வேகம் குறைகிறது, கவனம்” என்று பலகை வைத்திருக்கிறார்கள். மிரட்டுகிற சரிவில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். உங்கள் ஜாக்கிரதையில் பெரும்பகுதியை நான்கு மணி நேர எக்ஸ்பிரஸ்வேக்கு எடுத்து வையுங்கள், நடுவில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி இறங்கிக் கால் நீட்டுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். நீங்கள் ஒசாகாவில் இருப்பது பெரிய வசதி, இதே மாதிரி ஒரு பாலம் அங்கேயே இருக்கிறது. மினாடோ வார்டையும் தைஷோ வார்டையும் இணைக்கிற நமிஹாயா பாலம், 1995-ல் திறந்தது, 2014-லிருந்து கட்டணமும் கிடையாது. அதுவும் கப்பலுக்காக உயர்த்திக் கட்டியதுதான், உயரத்திலும் சரிவிலும் ஏஷிமாவுக்குச் சளைத்ததில்லை, கூடவே வளைவும் உண்டு. அதையும் தூரத்திலிருந்து படம் எடுத்து மிரட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரிப் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது போங்கள். முதலில் வண்டியை ஒரு கட்டணப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடைபாதையில் பாதித் தூரம் நடந்து ஏறுங்கள். முன்னால் சொன்னேனே, கண் மிகைப்படுத்தினாலும் உடம்பு சரியாகக் கணிக்கும் என்று, அதற்குத்தான். நடந்து வந்தபின் அதே ஏற்றம் ஓட்டும்போது வேறு மாதிரி தெரியும். அப்புறம் பக்கத்தில் கணவரை உட்கார வைத்து ஓட்டுங்கள், மனசு அலுத்துப்போகும்வரை. “இதிலே என்ன இருக்கு” என்று உங்களுக்கே தோன்றுகிறபோது நிறுத்தலாம்.

உள்ளங்கை வியர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வியர்வை மட்டும் என்றால் அது உயரத்தில் எல்லோருக்கும் வருகிற கூச்சம், மேலே சொன்ன பயிற்சியே போதும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள், தோள் இறங்கும். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாலும் உதவும்: முன்னால் வெள்ளை வேன், இடது பக்கம் கோடு, வேகம் நாற்பது. அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாலத்தில் “பாத்து, பாத்து” என்கிற பேச்சே வரக் கூடாது. பாசத்தில் வருகிற வார்த்தைதான், ஓட்டுகிறவர் காதில் அது அபாயச் சங்கு.

ஆனால் மேம்பாலத்தில் நெஞ்சு படபடத்து, கை மரத்து, வண்டியை அங்கேயே நிறுத்திவிடலாமா என்று தோன்றியிருக்கிறதா? அப்படி நடந்திருந்தால் பயிற்சிக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள், அது என் வேலையின் எல்லைக்கு வெளியே இருப்பது, சிகிச்சையில் குணமாவது. வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மிச்சிகனில் மாக்கினாக் பாலம் என்று ஒன்று, 1957-ல் திறந்தது, நீளம் 8 கிலோமீட்டர். ஓட்டப் பயந்தவர்கள் கேட்டால் பாலத்து ஊழியரே வந்து அவர்கள் காரை அக்கரைக்கு ஓட்டிக் கொடுக்கிறார். மேரிலாந்தின் செசபீக் வளைகுடாப் பாலத்தில் இதைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிற தனியார்கள் இருக்கிறார்கள். அத்தனை பேர் கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

படம் எடுக்க ஆசைப்பட்டுப் பாலத்திலோ அணுகுசாலை ஓரத்திலோ நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சுவர்ப் படம் வேண்டுமானால் கடந்து போய் டைக்கோன்ஷிமா பக்கம் முறையாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து எடுங்கள், எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு நிமிர்ந்து நிற்கும்.

அன்றைக்கென்று பலத்த காற்று அடித்தாலோ, முந்தைய ராத்திரி தூக்கம் சரியில்லை என்றாலோ பாலத்தை விட்டுவிடுங்கள். யோனாகோவிலிருந்து 9-ம் எண் நெடுஞ்சாலையில் ஏரியின் தென்கரை ஓரமாகவே மட்சுயே போய்விடலாம், இந்தப் பாலம் வழியில் வரவே வராது. சகாய்மினாட்டோவை யோனாகோவிலிருந்து ரயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த லைனில் ஓடுகிற ரயில்களில் உள்ளூர்ப் பேய் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கேட்டால் பாலத்தைவிட அதையே கேட்பார்கள்.